பட்டா, பத்திரம், வில்லங்கம்: எந்தத் தாள் எதற்குச் சாட்சி?

"பட்டா கையில இருக்கு, அப்புறம் என்ன பயம்?" "ஈசி போட்டுப் பார்த்தாச்சு, வில்லங்கமே இல்ல." "முப்பது வருஷமா வீட்டு வரி எங்க பேர்லதான் கட்டிட்டு வர்றோம்." ஒரு சிறு நகரத்தில் வீடோ மனையோ கைமாறும் இடத்தில் இந்த மூன்று பேச்சும் காதில் விழாமல் இருக்காது. மூன்றுமே உண்மையாக இருக்கலாம். ஆனாலும் அந்த நிலம் இன்னாருக்குச் சொந்தம் என்பதை மூன்றில் எதுவும் தனித்து நின்று நிரூபிக்காது. இது தெரியாமல்தான் பலர் வாழ்நாள் சேமிப்பை ஒரே ஒரு தாளை நம்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

அரசிடம் ஒரு பெரிய புத்தகம் இருக்கிறது, அதில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் உரிமையாளர் பெயர் எழுதியிருக்கிறது, அதை அரசே உத்தரவாதம் தருகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தமிழ்நாட்டில் அப்படி ஒரு புத்தகம் இல்லை. இருப்பவை மூன்று வேறு துறைகள் மூன்று வேறு காரணங்களுக்காக எழுதிவரும் மூன்று கணக்குகள். ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். எந்தத் தாளிடம் எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மொய் நோட்டும் வருகைப் பதிவேடும்

ஒரு கல்யாண வீட்டின் மொய் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். யார், எந்த ஊர், எவ்வளவு என்று வந்த வரிசையில் எழுதியிருப்பார்கள். மேசையில் வந்து எழுதியவர் பெயர் இருக்கும். முதல் நாளே வீட்டுக்கு வந்து பெண்ணின் கையில் மோதிரம் போட்டுவிட்டுப் போன தாய்மாமன் பெயர் நோட்டில் இருக்காது. நோட்டில் இல்லை என்பதால் அவர் செய்யவில்லை என்று ஆகிவிடுமா? பெண் வீட்டாருக்கு ஒரு மேசை, மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு மேசை என்று போட்டிருந்தால், ஒரு நோட்டை மட்டும் புரட்டிவிட்டு முடிவு சொல்லவும் முடியாது. ஒரு நிலத்தின் பேரில் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியலான வில்லங்கச் சான்று (பேச்சு வழக்கில் ஈசி) இந்த மொய் நோட்டைப் போன்றது.

பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு வேறு மாதிரி. இன்றைக்கு வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்று ஆசிரியர் தன் கணக்குக்காக எழுதுவது அது. பிள்ளை யாருக்குப் பிறந்தது என்று அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பட்டா இந்த வகை.

வீட்டு வரி ரசீதைப் பள்ளிக் கட்டண ரசீதோடு ஒப்பிடலாம். சித்தப்பா கட்டணம் கட்டினார் என்பதற்காகப் பிள்ளை சித்தப்பாவின் பிள்ளை ஆகிவிடுவதில்லை.

மூன்று அலுவலகங்கள்

சார்பதிவாளர் அலுவலகம் பதிவுத்துறையைச் சேர்ந்தது. அங்கே பதிவாவது பத்திரம், அதாவது ஓர் ஆவணம். வட்டாட்சியர் அலுவலகம் வருவாய்த்துறையைச் சேர்ந்தது. அங்கே இருப்பது நிலக் கணக்கு: பட்டா, நிலத்தின் வகையைச் சொல்லும் 'அ' பதிவேடு, நிலத்தின் அளவு வரைபடமான புலப்படம். பேரூராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் இருப்பது கட்டடத்தின் கணக்கு: சொத்து வரி, குடிநீர் இணைப்பு, கட்டட அனுமதி.

பேரூராட்சி அலுவலகத்தில் போய்ப் பட்டா கேட்பவர்களும், சார்பதிவாளரிடம் எல்லையை அளந்து காட்டச் சொல்பவர்களும் இன்றும் உண்டு. அலுவலர் "இங்க இல்ல, அங்க போங்க" என்று சொல்லும்போது அலைக்கழிக்கிறார்கள் என்று கோபம் வருகிறது. பல நேரம் அது அலைக்கழிப்பு இல்லை. அந்தக் கணக்கு உண்மையிலேயே அவரிடம் இல்லை.

பத்திரம் என்ன சொல்லும்?

விற்பவர் வாங்குபவருக்கு எழுதிக்கொடுக்கும் கிரையப் பத்திரம், அப்பா மகளுக்கு எழுதும் செட்டில்மென்ட், அண்ணன் தம்பிகள் எழுதிக்கொள்ளும் பாகப்பிரிவினை எல்லாமே பத்திரங்கள்தான். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, 100 ரூபாய்க்குக் குறையாத அசையாச் சொத்தை விற்கும் ஆவணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். கையெழுத்தான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் அபராதத்தோடு இன்னும் 4 மாதம் வரை வழி உண்டு.

பதிவு என்பதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சார்பதிவாளர் பார்ப்பது என்ன? எழுதிக்கொடுப்பவர் இவர்தானா, நான்தான் கையெழுத்துப் போட்டேன் என்று ஒப்புக்கொள்கிறாரா, முத்திரைத் தீர்வை சரியாகக் கட்டியிருக்கிறதா, சொத்து விவரம் அடையாளம் காணும்படி இருக்கிறதா. விற்பவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்று விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது அவருடைய வேலை இல்லை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டச் சொன்ன தமிழ்நாட்டுப் பதிவு விதி 55ஏ(1) செல்லாது என்று சொன்னபோதும், பதிவு அதிகாரிக்கு உரிமையை ஆராயும் அதிகாரத்தை 1908 சட்டம் தரவில்லை என்பதையே காரணமாகக் காட்டியது.

ஆகவே ஒரு பத்திரம் சொல்வது இதைத்தான்: இந்தத் தேதியில் இவர் தனக்கு இருந்த உரிமையை அவருக்கு மாற்றினார். இவருக்கு என்ன உரிமை இருந்தது என்று தெரிய, இவர் வாங்கிய பத்திரத்தைப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் இருந்ததையும் பார்க்க வேண்டும். இப்படிப் பின்னோக்கிப் போகும் பழைய பத்திரங்களைத் தாய்ப்பத்திரம், மூலப்பத்திரம் என்கிறோம். வழக்கறிஞர்கள் பொதுவாக 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் பின்னோக்கிப் பார்ப்பார்கள். நடுவில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் அதற்குப் பிறகு வந்த பத்திரங்கள் அத்தனையும் பதிவாகியிருந்தும் ஆட்டம் காணும்.

பரம்பரை நிலத்துக்குப் பத்திரமே இல்லாமல் இருப்பதும் உண்டு. தாத்தா காலத்திலிருந்து உழுது வந்த நிலம், யாரிடமும் விலைக்கு வாங்கியதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் பழைய பட்டாவும் பழைய வருவாய்ப் பதிவேடுகளும் வாரிசுச் சான்றும்தான் முக்கியமான சாட்சிகள். பத்திரம் இல்லை என்பதற்காக அந்த நிலத்தைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஆனால் எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போடுகிறார்களா என்பதை இரண்டு மடங்கு கவனத்தோடு பார்க்க வேண்டும்.

*இதுவரை:* பத்திரம் ஒரு கைமாற்றத்துக்குச் சாட்சி. பதிவு என்பது அந்தக் கைமாற்றத்தை ஊரறிய எழுதிவைப்பது. உரிமைக்கு அரசு தரும் உத்தரவாதம் அது இல்லை.

வில்லங்கச் சான்று எப்படித் தயாராகிறது?

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும் ஆவணங்கள் வகைவாரியாகப் புத்தகங்களில் ஏறுகின்றன. அசையாச் சொத்து ஆவணங்கள் 1-ஆம் புத்தகத்தில். உயில் 3-ஆம் புத்தகத்தில். மற்றவை 4-ஆம் புத்தகத்தில். 1-ஆம் புத்தகத்துக்குப் பெயர்வாரியாகவும் சொத்துவாரியாகவும் அட்டவணைகள் உண்டு. நீங்கள் ஒரு கிராமத்தின் பெயர், புல எண் (சர்வே எண்), இத்தனை ஆண்டு என்று கொடுத்தால், அந்த அட்டவணையில் அந்த எண்ணுக்கு எதிரே இருப்பதையெல்லாம் எடுத்துத் தருவதுதான் வில்லங்கச் சான்று. பதிவுகள் இருந்தால் படிவம் 15. ஒன்றுமே இல்லையென்றால் படிவம் 16.

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: 1-ஆம் புத்தகம் பொதுமக்களுக்குத் திறந்தது. பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, உரிய கட்டணம் கட்டும் எவரும் அதைப் பார்க்கலாம், நகல் பெறலாம் என்கிறது. யாருடைய நிலத்துக்கும் யார் வேண்டுமானாலும் வில்லங்கம் போடலாம். உரிமையாளரின் சம்மதம் தேவையில்லை. விற்பவர் எடுத்து வைத்திருக்கும் ஈசியை வாங்கிப் பார்ப்பதைவிட, நீங்களே எடுத்துப் பார்ப்பது எப்போதும் நல்லது.

பதிவுத்துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்தில் மண்டலம், மாவட்டம், சார்பதிவகம், கிராமம், புல எண், உட்பிரிவு எண், தேதி ஆகியவற்றைக் கொடுத்தால் விவரத்தைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். பல அலுவலகங்களுக்கு 1975 முதலான பதிவுகள் கிடைக்கின்றன. வங்கிக்கும் நீதிமன்றத்துக்கும் கொடுக்கக் கையொப்பமிட்ட சான்று வேண்டுமென்றால் கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். தளத்தில் இல்லாத பழைய காலத்துக்கு அலுவலகத்தில் நேரில் தேடச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும்.

கையில் கிடைத்த சான்றை எப்படிப் படிப்பது? ஒரு வரியில் ஆவண எண்ணும் ஆண்டும், எழுதிக்கொடுத்த நாள், தாக்கல் நாள், பதிவு நாள், ஆவணத்தின் தன்மை, எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர், தொகுதி எண், பக்க எண் என்று வரும். கீழே கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு, முந்தைய ஆவண எண், சொத்தின் விவரம், நான்கெல்லை. 'முந்தைய ஆவண எண்' என்ற கட்டத்தைப் பலர் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. தாய்ப்பத்திரத்துக்கு வழி காட்டுவதே அதுதான்.

இப்படி ஒரு சான்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்: 1994-ல் ஒரு கிரையம். 2003-ல் ஒரு கூட்டுறவு வங்கிக்கு அடமானம். 2011-ல் அப்பா மகனுக்குச் செட்டில்மென்ட். அவ்வளவுதான், வேறு வரி இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் சொத்து அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்துவிட்டது, சரியாக இருக்கிறது. ஆனால் 2003-ன் அடமானத்துக்குப் பிறகு 'ரசீது' என்ற தன்மையில் ஒரு வரி வந்திருக்க வேண்டும். கடன் தீர்ந்தது என்று கடன் கொடுத்தவர் எழுதிப் பதிவு செய்வதுதான் ரசீது. அது இல்லாதவரை, மகனுக்குச் சொத்தோடு கடனும் சேர்ந்தே வந்திருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். பணம் கட்டி முடித்தும் ரசீது பதியாமல் விட்டவர்கள் ஏராளம். அதைப் பதிவு செய்து கொண்டுவரச் சொல்லிவிட்டு மேற்கொண்டு பேசுவதே முறை.

வில்லங்கச் சான்றில் வராதவை

உயில் வராது. அது 3-ஆம் புத்தகத்தில் இருக்கிறது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதன் நகல் அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே கிடைக்கும். தவிர, உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பதிவாகாத பங்குப் பேச்சு வராது. பத்திரத்தைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிட்டு வாங்கிய கைக்கடன் பதிவாகாமல் இருந்தால் வராது. அதனால்தான் அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நீதிமன்றம் அனுப்பிய ஜப்தி உத்தரவு புத்தகத்தில் ஏறும். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்பது மட்டும் தானாக ஏறாது. அதை நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவரின் பெயரை வைத்துத் தேட வேண்டும்.

தேடும் முறையில் வரும் பிழைகள் இவற்றைவிட அதிகம். முக்கியமானவை இரண்டு.

ஒன்று, உட்பிரிவு. இன்றைக்கு உங்கள் மனை 112/3ஏ2 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2005-ல் உட்பிரிவு செய்வதற்கு முன் அது 112/3 ஆக இருந்தது. நீங்கள் 112/3ஏ2 என்று மட்டும் தேடினால் 2005-க்குப் பிறகு நடந்ததுதான் வரும். அதற்கு முன் 112/3 என்ற எண்ணில் நடந்த விற்பனையும் அடமானமும் கண்ணில் படாது. சான்றோ 'வில்லங்கம் இல்லை' என்று சொல்லும். அது பொய் இல்லை, கேட்ட எண்ணுக்கு இல்லை என்றுதான் அது சொல்கிறது. தாய் எண்ணையும் சேர்த்துத் தேட வேண்டும்.

இரண்டு, இரண்டாவது மொய் மேசை. ஊர் வளர வளர சார்பதிவகங்கள் பிரிகின்றன. உங்கள் கிராமம் ஒரு காலத்தில் வேறொரு சார்பதிவகத்தின் கீழ் இருந்திருக்கலாம். பழைய பத்திரத்தின் முத்திரையில் எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இப்போதைய அலுவலகத்தின் பெயரிலிருந்து அது மாறியிருந்தால், இரண்டு இடத்திலும் அந்தந்தக் காலத்துக்கு வில்லங்கம் போட வேண்டும்.

*இதுவரை:* கேட்ட எண்ணுக்கு, கேட்ட காலத்தில், அந்த அலுவலகத்தில் பதிவானவற்றின் பட்டியல்தான் வில்லங்கச் சான்று. அதில் இல்லாததைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

பட்டா என்பது யார் எழுதிய கணக்கு?

பட்டாவின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் அதன் எல்லையும் புரியும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோ வேரூன்றச் செய்த ரயத்துவாரி முறையில், அரசு இடைத்தரகர் இல்லாமல் ஒவ்வொரு குடியானவரிடமும் நேராக நிலவரி வாங்கியது. இன்ன புல எண்ணுக்கு, இத்தனை பரப்புக்கு, இவ்வளவு தீர்வை கட்ட வேண்டியவர் இவர் என்று எழுதிக்கொடுத்த தாள்தான் பட்டா. அதாவது, யாரிடம் வரி கேட்பது என்ற அரசின் கேள்விக்குப் பதில்.

இன்றும் அடிப்படை மாறவில்லை. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாறுவதால் மட்டும் உரிமை பிறப்பதும் இல்லை, போவதும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. அதற்காகப் பட்டாவை ஒதுக்கிவிடவும் கூடாது. நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்பதற்கு அது வலுவான சாட்சி. பட்டா பெயர் மாறாத சொத்தை வங்கி ஏற்கத் தயங்கும். நிலம் கையகப்படுத்தும்போது நோட்டீசும் முதலில் பட்டாதாரர் பெயருக்குத்தான் வரும்.

பட்டாவை வருவாய்த்துறையின் இ-சேவைகள் தளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவெண்ணைக் கொடுத்துவிட்டு மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் தேர்ந்தெடுக்க வேண்டும். தாளில் ஒரு குறிப்பு எண் இருக்கும். ஒருவர் பட்டா நகலைக் கொண்டுவந்து நீட்டினால், அந்தக் குறிப்பு எண்ணை அதே தளத்தில் போட்டு உண்மையா என்று சரிபார்க்கலாம்.

சிறு நகரத்துக்காரர்கள் இங்கேதான் முட்டிக்கொள்வது. "என் எண்ணைப் போட்டா ஒண்ணுமே வரல" என்பார்கள். சிறு நகரத்தில் நிலம் மூன்று விதமாகக் கணக்கில் இருக்கலாம். வயல் பக்கம் இருப்பது ஊரகப் புல எண். பழைய குடியிருப்புத் தெருக்கள் நத்தம். நகர அளவை முடிந்த பகுதி என்றால் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று முற்றிலும் வேறு எண்கள். அங்கே பட்டாவுக்குப் பதிலாக நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், பேச்சு வழக்கில் டி.எஸ்.எல்.ஆர்., கிடைக்கும். தளத்தில் ஊரகம், நத்தம், நகர்ப்புறம் என்பதில் தவறானதைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றும் வராது, அல்லது வேறு யாருடையதோ வரும். 1970-ன் பத்திரத்தில் புல எண்ணும், இன்றைய பதிவேட்டில் நகர அளவை எண்ணும் இருந்தால் பயப்பட வேண்டாம். நகர அளவைப் பதிவேட்டிலேயே பழைய புல எண்ணுக்கு ஒரு கட்டம் உண்டு. இரண்டையும் அதை வைத்துப் பொருத்திப் பாருங்கள்.

பட்டாவின் ஒரு வரியைப் படிப்பது

பரப்பு என்ற கட்டத்தின் மேலே 'ஹெக் - ஏர்' என்றும், தீர்வைக் கட்டத்தில் 'ரூ - பை' என்றும் இருக்கும். பரப்பில் 0 - 12.50 என்று இருக்கிறது. இதைப் பன்னிரண்டரை சென்ட் என்று வாசிப்பவர்கள் நிறையப் பேர். அது 12.50 ஏர். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 2.47 சென்ட். ஆக 12.50 ஏர் என்பது 1,250 சதுர மீட்டர், ஏறத்தாழ 30.9 சென்ட். 1 சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனை, ஏறக்குறைய 2.23 ஏர். பத்திரத்தில் சதுர அடியிலும் சென்ட்டிலும், பட்டாவில் ஏரிலும் இருப்பதால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் ஒப்பிடவே முடியாது. பழைய பட்டாக்களில் பரப்பு .00 அல்லது .50 என்றே முடிவது வழக்கம். ஆகவே சின்ன வித்தியாசம் இருப்பது இயல்பு. சென்ட் கணக்கில் இடித்தால் அளந்து பார்க்க வேண்டும்.

பெயர்க் கட்டத்தில் ஒரே பெயர் இருந்தால் தனிப்பட்டா. பல பெயர்கள் இருந்தால் கூட்டுப்பட்டா. கூட்டுப்பட்டாவில் ஐந்து பேர் இருக்கிறார்கள் என்றால், யாருக்கு எந்தப் பக்கம், எத்தனை சென்ட் என்று அந்தத் தாள் சொல்லாது. ஒருவர் மட்டும் "என் பங்கு கிழக்குப் பக்கம்" என்று விற்க வந்தால், அவர் கையில் பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

1979-ல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், மக்கள் பேச்சில் யு.டி.ஆர்., தமிழ்நாடு முழுக்கப் பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டன. அப்போது விழுந்த பிழைகள் இன்னும் பல குடும்பங்களைத் துரத்துகின்றன. பெயர் மாறியது, பக்கத்து நிலத்துக்குப் பரப்பு போனது, பட்டா நிலம் புறம்போக்கு ஆனது என்று பல வகை. எழுத்துப் பிழை என்றால் வட்டாட்சியர் அளவில் திருத்தலாம். யு.டி.ஆர். பிழை என்றால் மேல்நிலை வருவாய் அலுவலர்களிடம் போக வேண்டும். அதற்கு யு.டி.ஆருக்கு முந்தைய பழைய 'அ' பதிவேட்டின் நகல் கையில் இருந்தாக வேண்டும்.

பட்டா மாறுதலில் எங்கே சிக்குகிறது?

பத்திரம் பதிந்தவுடன் பட்டா தானாக மாறிவிடும் என்பது பாதி உண்மை. விற்பவர் பெயரிலேயே பட்டா இருந்து, அந்த எண் முழுவதும் விற்கப்பட்டால், பதிவோடு சேர்ந்து தானாக மாறும் ஏற்பாடு உண்டு. விற்பவரின் தாத்தா பெயரில் பட்டா இருந்தால் தானாக மாறாது. எண்ணில் ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தாலும் மாறாது.

முழு எண்ணும் மாறுவது 'உட்பிரிவு இல்லாத' மாறுதல். பகுதி மட்டும் என்றால் 'உட்பிரிவு உள்ள' மாறுதல். அதற்கு நில அளவர் வந்து அளந்து, புதிய உட்பிரிவு எண் கொடுத்து, புலப்படத்தையும் திருத்த வேண்டும். முதலாவதற்கு 15 நாள், இரண்டாவதற்கு 30 நாள் என்று காலவரம்பு உண்டு. விண்ணப்பத்தை இ-சேவை மையத்திலோ நிலக் கணக்குக்கான அரசின் தமிழ்நிலம் தளத்திலோ கொடுக்கலாம்.

தள்ளுபடி ஆவதற்குப் பெரும்பாலும் காரணம் சங்கிலி அறுந்திருப்பதுதான். பட்டா தாத்தா பெயரில், பத்திரம் பேரனிடமிருந்து. நடுவில் இருப்பவர்களின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இணைக்கவில்லை. வட்டாட்சியரால் அந்த இடைவெளியை ஊகித்து நிரப்ப முடியாது. இன்னொரு காரணம், பத்திரத்தில் எழுதிய உட்பிரிவு எண் பதிவேட்டில் இல்லாமலே இருப்பது. பத்திரம் எழுதுமுன் புல எண்ணைப் பதிவேட்டில் சரிபார்த்தால் இது வராது. எழுதிய பிறகு என்றால் பிழைதிருத்தல் பத்திரம் போட, விற்றவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். அவர் வெளியூர் போயிருந்தால் அந்தப் பாடு தனி.

'அ' பதிவேடும் புலப்படமும்

இரண்டையும் பத்து நிமிடத்தில் இணையத்திலேயே பார்த்துவிடலாம், ஆனாலும் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. 'அ' பதிவேட்டில் ஒவ்வொரு எண்ணும் ரயத்துவாரி நிலமா, சர்க்கார் புறம்போக்கா, நன்செய்யா, புன்செய்யா என்று இருக்கும். விற்பவர் காட்டும் மனை வாய்க்கால் புறம்போக்கு என்று அங்கே இருந்தால், மற்ற எந்தத் தாள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதோடு பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்.

புலப்படம் என்பது ஒரு புல எண்ணின் அளவு வரைபடம். எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் என்பார்கள். ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் அதில் இருக்கும். பத்திரத்தின் நான்கெல்லையில் 'வடக்கே பொதுப்பாதை' என்று இருக்கிறது, புலப்படத்தில் அங்கே பாதையே இல்லை என்றால், அந்தப் பாதை பக்கத்து நிலத்துக்காரரின் தயவில் இருக்கக்கூடும். தரையில் கல் எங்கே என்று தெரியாவிட்டால், அளந்து அத்து, அதாவது எல்லை, காட்டச் சொல்லி நில அளவைக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். அளக்கும் நாளில் பக்கத்து நிலத்துக்காரர்களையும் கூப்பிட்டு நிறுத்திக்கொள்வது நல்லது. அன்றைக்கு அவர்கள் பார்த்துவிட்டால் பின்னால் தகராறு குறையும்.

வீட்டு வரி

கட்டடம் இருக்கிறது, அதற்கு இவர் வரி கட்டுகிறார் என்பதற்கு மேல் வரி ரசீது எதையும் சொல்லாது. புறம்போக்கில் கட்டிய வீட்டுக்கும் வரி போடுவார்கள். அதனால் இடம் பட்டா நிலம் ஆகிவிடாது. வாங்கிய பிறகு பத்திர நகலைக் கொடுத்து வரிவிதிப்பில் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய வரிப்பாக்கி அந்தக் கட்டடத்தின் பேரிலேயே நிற்கும் என்பதால், பதிவுக்கு முன்பே பாக்கி எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேட்டும் கிடைக்காதபோது

மனுவை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, ஒப்புகை எண் வாங்குங்கள். பிறகு நடப்பதெல்லாம் அந்த எண்ணைப் பிடித்துத்தான்.

ஜமாபந்தி என்று ஒன்று ஆண்டுதோறும் நடக்கிறது. வருவாய்க் கணக்கின் ஆண்டு பசலி எனப்படும். ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. பசலி முடியும் தறுவாயில், பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில், கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்ய மேல் அதிகாரி வட்ட அலுவலகத்துக்கு வந்து அமர்வார். உங்கள் கிராமத்துக்குரிய நாளில் பொதுமக்களும் மனுக் கொடுக்கலாம். பட்டா மாறுதல் இழுத்தடிக்கப்படும்போது, கணக்கும் கணக்கு எழுதுபவரும் மேலதிகாரியும் ஒரே இடத்தில் இருக்கும் அந்த நாள் உண்மையிலேயே பயன்படும்.

அடுத்தது 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம். வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால் 5 நாளில் அங்கே மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு.

இந்த மனுக்கள் வீணாவது கேள்வி கேட்கும் விதத்தால்தான். "என் பட்டா ஏன் மாறவில்லை?" என்று கேட்டால், காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். "இந்தத் தேதியில் இந்த ஒப்புகை எண்ணில் நான் கொடுத்த மனுவின் மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்புகள், கிராம நிர்வாக அலுவலர் மற்றும் நில அளவரின் அறிக்கைகள், பிறப்பித்த உத்தரவு ஆகியவற்றின் நகல் தருக" என்று கேளுங்கள். இவை எல்லாம் காகிதமாக இருப்பவை, கொடுத்தாக வேண்டியவை. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் கேட்பார்கள். எது வேண்டும் என்று தெரியவில்லை என்றால், கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேட்கலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. பதிவான பத்திரத்தின் நகலுக்கு மட்டும் இந்த வழியில் போக வேண்டாம். அதற்குப் பதிவுத்துறையிலேயே தனிக் கட்டணமும் விண்ணப்பமும் இருப்பதால் அங்கே போகச் சொல்லித் திருப்பிவிடுவார்கள். வில்லங்கச் சான்றில் இருக்கும் ஆவண எண்ணையும் ஆண்டையும் கொடுத்தால், பத்திரம் தொலைந்துபோனவருக்கும் சான்றிட்ட நகல் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே கிடைக்கும்.